சக்கரவர்த்தியின் ஞாபகப் பரீட்சை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சக்கரவர்த்தியை மூலைக்கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இடது காலில் ரப்பர் செருப்பு, வலது காலில் தோல் செருப்பு. கடைக்காரரைப் பார்த்து, "நீர் எந்த தேசத்தின் தூதுவர்?" என்று கேட்டார். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்த சர்க்கரையை அப்படியே விட்டுவிட்டுக் கும்பிட்டார். தெரு கை தட்டியது. ஏழெட்டுப் பேர் படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை தட்டாதது அவருடைய மனைவி மட்டும்தான்.

வசனத்தை அவர் அழகாகத்தான் சொன்னார். ஆனால் அதை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் எடுத்துக் கொடுக்காமல் அவர் வாயிலிருந்து ராஜ வசனம் வந்தது அதுதான் முதல் தடவை. அப்படியென்றால் அது வசனம் இல்லை. மனிதர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

நம்முடைய கதாநாயகருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஊருக்கு அவர் சக்கரவர்த்தி. இருபத்திரண்டு சரித்திரப் படங்கள். அவற்றில் பதினான்கு அரசர்கள், ஐந்து தளபதிகள், மூன்று மந்திரிகள்; மந்திரிகளில் ஒருவர் துரோகி. அப்புறம் நான்கு தொலைக்காட்சித் தொடர்கள். கடைசித் தொடர் ஆறு வருடம் ஓடியது. அந்த ஆறு வருடத்தில் அவர் பிடித்த நாடுகள் கொள்ளாமல் அரண்மனை செட்டின் சுவரில் இருந்த தேசப்படத்தை மூன்று முறை பெரிதாக்கினார்கள்.

ஒரே ஒரு முறை அவரை இந்தக் காலத்துக் கதையில் போட்டுப் பார்த்தார்கள். தபால் நிலைய குமாஸ்தா வேடம். ஒரு அம்மாளிடம் தபால்தலையைக் கொடுக்கும் காட்சியில், ஏதோ ஒரு மாகாணத்தையே எழுதிக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். தியேட்டர் சிரித்தது. சோகப் படம் அது. இரண்டாவது வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை. அதிலிருந்து வெடிமருந்து கண்டுபிடித்த பிற்பாடு நடக்கிற எந்தக் கதைக்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

அவர் மனைவியை சினிமா உலகம் முழுக்க 'அண்ணி' என்று கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அண்ணியின் தொழில் எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் வந்ததில்லை. சக்கரவர்த்திக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. இளம் வயதிலேயே ஆகாது. நான்கு சொல்லுக்கு மேல் போனால் ஐந்தாவது சொல் முதல் சொல்லைத் தள்ளிவிடும். யாராவது சத்தமாகப் படித்துக் கொடுத்தாலும் காதில் வாங்கிச் சொல்ல வராது. கல்யாணமான மூன்றாவது மாதம் சாப்பாடு கொண்டுபோன அண்ணி, கேமராவுக்குக் கீழே ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பார்த்தாள். அவர் கடகடவென்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

அதனால் அவர் எதிரில் நிற்கிறவரைப் பார்த்துப் பேசியதே இல்லை. அவருடைய தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்ப்பார். 'தேசத்தின் எதிர்காலத்தைத் தரிசிக்கும் தீர்க்கப் பார்வை' என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அந்தப் பார்வைக்காக ஒரு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டமே கொடுத்தது. கூட நடிப்பவர் அண்ணியின் உதட்டை மறைத்தால், அவர் தோளில் புறங்கையை வைத்து மெல்ல ஒதுக்கிவிடுவார். ரசிகர்களுக்கு அதுவும் ஒரு ஸ்டைல். பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு இன்றைக்கும் இளைஞர்கள் அந்த ஒதுக்கலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு பெரிய மனிதருக்குத்தான் இந்த வியாழக்கிழமை பரீட்சை.

*

காலை எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை. வீட்டில் எல்லாருக்கும் 'டீச்சர்'. அப்பா நடித்ததைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மார்க் போட்டே அவளுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

"அம்மா, எனக்கு இன்னிக்கு பரீட்சை ஹால் டியூட்டி. வர முடியலை. நீதான் பாத்துக்கணும்."

"ம்."

"டாக்டர் கேக்கறதுக்கு அப்பாவே பதில் சொல்லட்டும். நீ குறுக்க பேசாத. அவருக்கு நாள் தெரியலைன்னா தெரியலைன்னே இருக்கட்டும். மூடி மறைக்காத."

"நான் எதுக்குடி மறைக்கப் போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா. டாக்டர் முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்னுதான் நானும் கும்பிட்டுட்டு இருக்கேன்."

கும்பிட்டது நிஜம். ஒரு நிறுவனம் பத்து பாகத்தில் மாபெரும் சரித்திரத் தொடர் எடுக்கப் போகிறது. நூற்றிருபது நாள், கண்காணாத பாலைவனத்தில் கோட்டை கட்டி ஷூட்டிங். சக்கரவர்த்திதான் சக்கரவர்த்தி. சமீபத்திய பாராட்டு விழா மேடையில், பன்னிரண்டு படத்தில் தன் ராணியாக நடித்தவரைப் பார்த்து, "இந்த அம்மாள் யார்?" என்று மைக்கிலேயே அவர் கேட்டுவிட்டதால், நிறுவனம் டாக்டர் சான்றிதழ் கேட்கிறது. ஞாபகம் சரியாக இருக்கிறது என்று எழுதினால் பாலைவனம். இல்லை என்று எழுதினால் ஒரு மாலை, ஒரு சால்வை, 'ஓய்வு பெறுகிறார் சக்கரவர்த்தி' என்று ஒரு தலைப்பு. மரியாதையோடு வீட்டில் உட்காரலாம். இருநூறு பேர் நடுவில், கிரீடத்தோடு, தான் யார் என்று தெரியாமல் நிற்க வேண்டாம். அண்ணிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சக்கரவர்த்தி சாப்பாட்டு மேஜையில் சாய்வில்லாமல் உட்கார்ந்திருந்தார். சாயத் தெரியாது. சிம்மாசனத்தில் சாய்ந்தால் கிரீடம் இடிக்கும் என்று பழகிய முதுகு.

"பானம் வரட்டும்," என்றார்.

"முன்னாடியேதாங்க இருக்கு."

டம்ளரைப் பார்த்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஒரு கணம் யோசித்தார். அண்ணி எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மகன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு அவன்தான் மேனேஜர். வெளியில் அப்பாவை 'சார்' என்பான். வீட்டில் அவனையே எல்லாரும் 'மேனேஜர்' என்பார்கள்.

"அப்பா, அந்த கரும்பச்சை சால்வையைப் போட்டுக்கோங்க. டாக்டர் உங்க பரம ரசிகர்."

"பரீட்சைக்குப் போறவருக்கு எதுக்குடா சால்வை?" என்றாள் அண்ணி.

"பரீட்சை வைக்கறவருக்காகம்மா."

*

டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். நர்ஸ்கள் வரிசையாக நின்றார்கள். மருந்தகத்துக்காரர், லிஃப்ட் ஓட்டுபவர், கையில் சொருகிய ஊசியோடு ஒரு நோயாளி எல்லாரும் இருந்தார்கள். சக்கரவர்த்தி நடந்தார். நடையில் ஒரு குறையும் இல்லை. ஞாபகம் போகலாம், நடை போகாது போலிருக்கிறது. எங்கே போகிறோம் என்று தெரியாதவர் அவ்வளவு கம்பீரமாக நடந்து நான் பார்த்ததில்லை; மந்திரிசபைகளைத் தவிர.

"சார், நீங்க என் முன்னால உக்காரணும்னு தலையெழுத்து பாருங்க. எங்கப்பா உங்க படம் பாத்துட்டுதான் எனக்கு வாள் வாங்கிக் குடுத்தார். பிளாஸ்டிக் வாள்," என்றார் டாக்டர்.

"மகிழ்ச்சி," என்றார் சக்கரவர்த்தி. அது அவருக்கு எப்போதும் கைவசம் இருக்கும் சொல்.

"ஒருத்தர்தான் கூட இருக்கலாம். அண்ணி இருக்கட்டும். ஆனா ஒண்ணு, வாயத் திறக்கக் கூடாது. சரிங்களா?"

அண்ணி தலையாட்டினாள். மகன் வெளியே போனான்.

சின்ன அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் சக்கரவர்த்தி, அந்தப் பக்கம் டாக்டர். அண்ணிக்கு நாற்காலி போட இடமில்லை. டாக்டருக்குப் பின்னால், எடை பார்க்கும் இயந்திரத்தை ஒட்டி ஒரு குட்டை ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். புடவை முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சார், மூணு வார்த்தை சொல்றேன். ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில கேப்பேன். கதவு, செருப்பு, எலுமிச்சை."

"ஆகட்டும்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

சக்கரவர்த்தி உடனே சொல்லவில்லை. நிமிர்ந்தார். டாக்டரின் தோளுக்கு அப்பால் பார்வை போய் நின்றது. டாக்டருக்குச் சிலிர்த்தது, அந்தப் பார்வையைப் பக்கத்தில் பார்க்கிறார்.

"வியாழன்."

"ஆகா. மாசம்? வருஷம்?"

இரண்டையும் சொன்னார். அண்ணிக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் டம்ளரைப் பிடிக்கத் தெரியாதவர்.

"இப்ப நாம எங்க இருக்கோம் சார்?"

"வைத்தியசாலையில்."

"வைத்தியசாலை!" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷம் ஆச்சு இந்த வார்த்தையைக் கேட்டு! நாங்கல்லாம் ஆஸ்பத்திரின்னே சொல்லிக் கெட்டுப்போனோம். சரி, நூத்துலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுட்டே வாங்க."

"தொண்ணூற்று மூன்று... எண்பத்தாறு... எழுபத்தொன்பது..."

நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமா? செருப்பை மாற்றிப் போடாத மனிதர் யார்? கூட்டத்தைக் கண்டால் அரசராகிவிடுவது அவர் சுபாவம்தானே? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"ஒரு கடிகாரம் வரையுங்க சார். பதினொண்ணு பத்து காட்டற மாதிரி."

டாக்டர் காகிதத்தை நீட்டினார். சக்கரவர்த்தி பேனாவை வாங்கி ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைப் பார்த்தார். பிறகு அதன் நடுவில், வாலில் இரண்டு சுழி வைத்து, தன் கையெழுத்தைப் போட்டுத் தேதியில்லாமல் நீட்டினார்.

டாக்டர் ஒரு கணம் திகைத்து, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "கேக்காமலேயே புரிஞ்சுக்கிட்டீங்களே! என் பொண்ணு கேட்டுட்டே இருந்தா." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். படிவத்தில் கடிகாரத்துக்கு நேராக முழு மதிப்பெண் போட்டார்.

"கடைசி கேள்வி. ஆரம்பத்துல மூணு வார்த்தை சொன்னேனே சார்?"

பார்வை தோளுக்கு அப்பால் போனது.

"கதவு," என்றார். "செருப்பு." நின்றார்.

மூன்றாவது என்ன? அண்ணியும் யோசித்தாள். கதவு, செருப்பு... சட்டென்று வரவில்லை. அவள் யோசித்தாள். அவர் நின்றார். அவள் எந்த இடத்தில் நின்றாளோ சரியாக அந்த இடத்தில்தான் அவரும் நின்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கையை மெல்லத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கழித்தல் கணக்கு! அவருக்கு என்றைக்கு வந்தது? வியாழன், மாதம், வருடம், எண்பத்தாறு... எல்லாம் அவள் சொன்னது. ஆஸ்பத்திரி என்று அவள் சொன்னதை வைத்தியசாலை ஆக்கியது மட்டும்தான் அவருடைய சொந்தச் சரக்கு. குட்டை ஸ்டூல், எதிரில் அவர், நடுவில் ஒருவருடைய தோள். இப்படி உட்கார வைத்தால் அந்த உதடு வேறென்ன செய்யும்? மூச்சு விடுவதை யாராவது கவனிப்பார்களா?

எலுமிச்சை. வந்துவிட்டது.

அண்ணி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பல்லால் கவ்விக்கொண்டாள். போகட்டும். இந்த ஒன்றாவது போகட்டும். டாக்டர் பார்க்கட்டும்.

சக்கரவர்த்தி காத்திருந்தார். ஒரு விநாடி. முகத்தில் அரசர் இருந்தார். இரண்டு விநாடி. மூன்று. அரசர் மெல்ல மெல்ல இறங்கிப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு கிழவர். தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் மாதிரி, வந்த பஸ்ஸும் போய்விட்ட மாதிரி. கண் மட்டும் அவள் உதட்டிலேயே இருந்தது. 'ஏன் நிறுத்திட்டே? நான் என்ன தப்பு பண்ணேன்?' என்று கேட்டது அந்தக் கண்.

முப்பத்தைந்து வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அவரை அப்படி நடுவில் விட்டதில்லை.

நான்காவது விநாடி அவளால் முடியவில்லை. உதடு திறந்தது. இந்தத் தடவை தெரிந்தே திறந்தது.

"எலுமிச்சை," என்றார் சக்கரவர்த்தி. அரசர் படியேறி வந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் கை தட்டினார். "அந்த இடைவெளி! வசனத்துக்கு முன்னாடி ஒரு நிறுத்து நிறுத்துவீங்களே, அதேதான்! எனக்கே பயமாயிடுச்சு, மறந்துட்டீங்களோன்னு."

*

மகன் உள்ளே வந்தபோது சான்றிதழ் தயாராகிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து நின்றாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அதெல்லாம் நான் சொன்னது."

"எதுங்க அண்ணி?"

"பதில் எல்லாம். நான் வாயசைச்சேன். என் உதட்டைப் பாத்துதான் அவர் சொன்னார். எப்பவுமே அப்படித்தான், எல்லாப் படத்துலயும்."

டாக்டர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"அண்ணி," டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "நான் அவர் கண்ணையேதான் பாத்துட்டு இருந்தேன். அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா? அது உங்களைப் பாத்த பார்வையா? அதுக்கும் எவ்வளவோ தூரம் அப்பால பாத்த பார்வை."

"எனக்குப் பின்னாடி செவுருதான் டாக்டர் இருக்கு."

"சரி சரி."

"நான் வெளிய போறேன். இன்னொரு தடவை கேளுங்க. ஒரே ஒரு கேள்வி."

"ஒரு சக்கரவர்த்தியை ரெண்டு தடவை சோதிக்கறதா? என் நாக்கு வராது. வெளிய வேற பதினாறு பேர் உக்காந்திருக்காங்க."

"அம்மா ரெண்டு வாரமா சரியாத் தூங்கலை டாக்டர்," என்றான் மகன். "பயந்து பயந்து..."

"பாத்தாலே தெரியுது. இது சகஜம். வீட்ல ஒருத்தருக்கு வயசானா இன்னொருத்தருக்குப் பதற்றம் வரும்." டாக்டர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு மாசம் போடுங்க அண்ணி. இந்தக் கற்பனையெல்லாம் போயிடும்."

ஆக, ஞாபகம் போனவருக்குச் சான்றிதழும் ஞாபகம் இருக்கிறவளுக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

*

காரில் சக்கரவர்த்தி முன் சீட்டில். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் கும்பிட்டார். இவர் வலது உள்ளங்கையை மார்பளவு உயர்த்தி ஆசி கொடுத்தார். பச்சை விழுந்ததும் வண்டிக்காரர் போய்விட்டார். உள்ளங்கை இறங்கவில்லை. அப்புறமும் மூன்று தெரு ஆசி பெற்றது.

"அம்மா," என்றான் மகன், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "நீதான் சொல்லிக் குடுத்தேன்னு எனக்குத் தெரியாதா?"

அண்ணி நிமிர்ந்தாள். "தெரிஞ்சா ஏண்டா டாக்டர்கிட்ட சொல்லலை?"

"என்னன்னு சொல்லணும்? முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தானே ஓடுது? அப்பா எப்ப ஞாபகம் வச்சிருந்தார், இப்ப மறந்துட்டார்னு சொல்றதுக்கு?"

அவன் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தாள். ஓட்டை இருந்தது, அதில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"நீ கேமராவுக்குக் கீழ உக்காரு. அவர் பேசட்டும். எப்பவும் போல. நூத்திருபது நாள்தானே?"

"சாப்பிடும்போது? குளிக்கப் போகும்போது? அங்கயும் கேமரா வைப்பியா?"

மகன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. டைரக்டர். காரின் ஒலிபெருக்கியில் போட்டான்.

"சான்றிதழ் வந்துடுச்சா பிரதர்? சூப்பர்! சாருக்கு சொல்லுங்க, இதுவரைக்கும் யாரும் பண்ணாத மாதிரி பண்றோம். மொத்த தொடரும் கிரேன்ல. கேமரா அறுபது அடி தூரத்துலேருந்து பறந்து வரும். ஒரே ஷாட், வெட்டே கிடையாது. பெரிய திடல், நடுவுல சார் மட்டும் தனியா. சுத்தி ஒரு ஈ காக்கா இருக்காது."

"கேமராவுக்குக் கீழ?" என்றாள் அண்ணி.

"யாரும்மா அது? அண்ணியா? வணக்கம் அண்ணி! கேமராவுக்குக் கீழ மணல்தான் அண்ணி."

மகன் போனை அணைத்தான்.

"காதுக்குள்ள ஒரு சின்ன மெஷின் வச்சுடலாம்மா," என்றான் மகன். "தூரத்துலேருந்து யாராவது படிப்பாங்க."

"அவருக்குக் காதுல சொன்னா வராதுடா. உதடு வேணும்."

"பழகிக்குவார்."

"எப்போ?"

மகன் கியரை மாற்றினான். எப்போது பழகுவார் என்பது ஒப்பந்தத்தில் இல்லை.

"மகிழ்ச்சி," என்றார் சக்கரவர்த்தி முன் சீட்டிலிருந்து.

*

மத்தியானம் டீச்சர் போன் செய்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எல்லாத்துக்கும் சரியாச் சொல்லிட்டார்."

"எல்லாத்துக்குமா?"

"முப்பதுக்கு முப்பது."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

"நீ எங்க இருந்தே?"

"டாக்டருக்குப் பின்னாடி."

"நீ ஒண்ணும் சொல்லலையே?"

அண்ணி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஒரு சத்தம் போடலை," என்றாள்.

சத்தம் போடவில்லைதான். சத்தியம் செய்து கொடுத்த மகளிடம் வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுக்க அவளுக்கு யாரும் இல்லை.

*

சாயங்காலம் ஐந்தரை. கூடத்தில் விளக்குப் போட்டிருந்தது. சுவர் முழுக்க சக்கரவர்த்தி: குதிரைமேல், யானைமேல், கொத்தளத்தின்மேல். கீழே நிஜமானவர் மேஜையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பக்கம். மகன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தான். வாலில் இரண்டு சுழியோடு கையெழுத்து விழுந்துகொண்டே வந்தது. அது மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. மறந்தால் நல்லது என்று அண்ணி உள் கதவை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது பக்கம் முடிந்தபோது டீச்சர் வந்தாள். தோள்பையில் விடைத்தாள் கட்டு.

"வாங்க டீச்சர்," என்றான் மகன். "தோத்துட்டீங்களே?"

"வாயை மூடுங்க மேனேஜர் சார். எங்க அந்த சான்றிதழ்?"

வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவள் ஆசிரியை, மதிப்பெண்ணைப் பார்த்தால் நம்புவது அவளுக்குத் தொழில். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"நூத்துலேருந்து ஏழு ஏழா கழிச்சாராம்மா? எனக்கே வராது."

அண்ணி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

டீச்சர் அப்பாவுக்கு எதிரில் போய் நின்றாள். பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, சாரி பா. மூணு மாசமா உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சு நான் தூங்கவே இல்லை. அம்மாவையும் போட்டுப் பாடாப் படுத்திட்டேன்." அவள் சிரித்தாள், கண் கலங்கியது. "இன்னிக்கு ஒரு பையன் பரீட்சையில என்ன எழுதியிருக்கான் தெரியுமா? போருக்கான காரணங்கள் என்னன்னு கேட்டா, 'சக்கரவர்த்தி தூரத்துல எதையோ பாத்தார், அதனால'ன்னு எழுதியிருக்கான். நான் சிரிச்சுட்டு பாதி மார்க் போட்டேன். சொல்லுங்கப்பா, போடலாமா?"

சக்கரவர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். எதிரில் நிற்கிற பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார். அன்பான பார்வை. தன் நாட்டில் வாழும் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கக்கூடிய அன்பு.

பிறகு அந்தப் பார்வை அவள் தோளுக்கு அப்பால் போகப் பார்த்தது. போக முடியவில்லை. அவள் நேர் குறுக்கே நின்றிருந்தாள்.

அவர் கையை உயர்த்தினார். புறங்கையை மகளின் தோளில் வைத்து, மெல்ல, மிக மரியாதையாக, அவளை ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

டீச்சர் நகர்ந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி. சின்ன வயதில் எத்தனையோ நாள் ஷூட்டிங்கில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். மந்திரிகளை ஒதுக்கும்; ராணிகளை ஒதுக்கும். எதற்காக ஒதுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எதற்காக?

திரும்பிப் பார்த்தாள்.

உள் கதவை ஒட்டி அம்மா நின்றிருந்தாள். கையில் மாத்திரை அட்டை. உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக.

*நம்ம... பொண்...*

மகளின் கண்ணைப் பார்த்ததும் உதடு அங்கேயே நின்றுவிட்டது.

மகன் பன்னிரண்டாவது பக்கத்தைத் திருப்பி வைத்திருந்தான். அதை யாரும் பார்க்கவில்லை. சக்கரவர்த்தி நிமிர்ந்த முதுகோடு, மனைவியின் வாயையே பார்த்தபடி, மீதி வசனத்துக்காகக் காத்திருந்தார்.